‘பாக்’ என்ற ஆங்கிலச் சொல்: எந்த நிலத்தின் பெயர், எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: அயர்லாந்தைப் பற்றி எதைப் படித்தாலும் ‘பாக்’ என்ற சொல் வருகிறது. அகராதியைப் பார்த்தால் ‘சதுப்பு நிலம்’ என்கிறது. ‘மார்ஷ்’, ‘ஸ்வாம்ப்’, ‘ஃபென்’ எல்லாவற்றுக்கும் அதே பொருளைத்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பாக் என்பது தனியாக ஏதாவது உண்டா? சொல் எங்கிருந்து வந்தது?

தனியாக உண்டு. பாக் என்பது மழைநீரை மட்டும் நம்பி வாழ்கிற, அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதாக மட்காமல் சேர்ந்த தாவரப் படிவு கொண்ட நிலம். அந்தப் படிவுக்குப் பெயர் பீட். சொல் பிறந்தது கேலிக் மொழிகளில். ஐரிஷிலும் ஸ்காட்லாந்தின் கேலிக்கிலும் ‘பொக்’ என்றால் மெத்தென்ற, இளகிய, ஈரமான என்று பொருள். அதிலிருந்து ‘பொகாக்’, அதாவது கால் வைத்தால் அமிழ்கிற நிலம். ஏறக்குறைய 1500ஆம் ஆண்டையொட்டி இது ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால் ‘வளைதல்’ என்று பொருள்படும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரைச் சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். வளைந்துகொடுப்பது மெத்தென்று இருக்கும் என்பது கணக்கு. தலைவணங்குவதைக் குறிக்கும் ஆங்கில ‘பௌ’ என்ற சொல்லும் அதே வேர்தான்.

ஐரிஷ் மொழியில் இந்தப் ‘பொக்’ இன்றும் அன்றாடம் புழங்குகிற சாதாரணச் சொல். அரைவேக்காட்டு முட்டையைச் சொல்ல அதுதான் வரும். வெதுவெதுப்பான தண்ணீருக்கும் அதே சொல் ஒட்டிக்கொள்ளும். ஒருவரிடம் ‘அவசரப்படாதே, மெதுவாகச் செய்’ என்று சொல்ல ‘தோக் கொ பொக் ஏ’ என்பார்கள். மெத்தென்று எடுத்துக்கொள் என்பது அதன் நேர்ப்பொருள். தூறலும் ஈரமுமாக இருக்கும் நாளை ‘மெத்தென்ற நாள்’ என்பார்கள். அயர்லாந்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் இந்த வழக்கை விடவில்லை. மழை பிசுபிசுக்கும் காலையில் ‘சாஃப்ட் டே’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒரு மொழியில் முட்டைக்கும் தண்ணீருக்கும் வானிலைக்கும் உரிய பண்புச்சொல், இன்னொரு மொழிக்குப் போய் ஒரு நிலத்தின் பெயராக மட்டும் நின்றுவிட்டது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் மொழியில் அந்த நிலத்தைச் சொல்லும்போது ‘பொர்தக்’ என்றோ ‘மோன்’ என்றோதான் பெரும்பாலும் சொல்வார்கள். பொர்தக் என்பது பீட் வெட்டும் இடம், மோன் என்பது அந்தப் பீட்.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் இதற்குச் சொல்லே இல்லாமலா இருந்தது? நிறையவே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘மோஸ்’ என்றால் சதுப்பு. இன்று பாசியைக் குறிக்கிற ‘மாஸ்’ அதே சொல்தான். நிலத்தின் பெயரே அதில் முளைப்பதற்கும் ஆகிவந்தது. இங்கிலாந்தின் வடபகுதியில் இந்தப் பொருள் இன்னும் ஊர்ப்பெயர்களில் உயிரோடு இருக்கிறது. மான்செஸ்டர் அருகே உள்ள சாட் மாஸ் அப்படி ஒன்று. 1830இல் திறக்கப்பட்ட லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையை அதன் குறுக்கே கொண்டுபோக ஜார்ஜ் ஸ்டீவன்சன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கொட்டிய மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சுள்ளியும் புதரும் கொண்டு மிதவைபோல ஒரு படுகை பின்னி, அதன்மேல் பாதை போட்டார். அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

மற்ற சொற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ‘ஃபென்’, ‘மார்ஷ்’, ‘ஸ்லௌ’ மூன்றும் பழைய ஆங்கிலச் சொற்கள். ‘மைர்’ வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, மாஸுக்கு உறவுமுறை. ‘மொராஸ்’ டச்சு வழியாக வந்தது. ‘ஸ்வாம்ப்’ இவற்றில் இளையது. 1624இல் கேப்டன் ஜான் ஸ்மித் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவைப் பற்றி எழுதியபோதுதான் அது எழுத்தில் தெரியவருகிறது. கனடாவின் ‘மஸ்கெக்’ அங்குள்ள கிரீ மக்களின் சொல். எங்கே போய்ப் புதிய ஈரநிலத்தைக் கண்டார்களோ, அங்கே உள்ளவர்களிடமிருந்து பெயரையும் வாங்கியிருக்கிறார்கள் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. பாக்கின் கதையும் அதுதான்.

ஆங்கிலம் பேசியவர்கள் கேலிக் பேசியவர்களோடு முதலில் நெருங்கி வாழ்ந்தது ஸ்காட்லாந்தில். அதனால் சொல்லின் தொடக்ககாலத் தடங்கள் அங்கேதான் கிடைக்கின்றன. அது ஊரெங்கும் பரவியதற்குக் காரணம் அயர்லாந்து. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து அயர்லாந்தைப் போரிட்டுப் பிடித்து, தன் மக்களைக் குடியேற்றியது. அந்தத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பாக். குதிரைப்படையும் பீரங்கியும் அதில் இறங்க முடியாது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் ஓடி மறைவார்கள், பின்னால் வந்தவர்கள் இடுப்பளவு சேற்றில் நிற்பார்கள். 1685இல், பிற்காலத்தில் டப்ளினின் பேராயரான வில்லியம் கிங், அயர்லாந்தின் பாக்குகளையும் ஏரிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காடும் பாக்கும்தான் அந்த மண்ணின் மக்களை ஆங்கிலேயர் வெல்லவிடாமல் காத்தன என்று அதில் அவரே சொல்கிறார். அவர் அதைச் சொன்னது இந்த நிலத்தை வடித்துத் திருத்த வேண்டும் என்று வாதிடுவதற்காக. ஐரிஷ்காரர்களை ‘பாக்ட்ராட்டர்’, அதாவது சதுப்பில் ஓடித் திரிகிறவர், என்று இழிவாகச் சொல்லும் வசை பிறந்ததும் அதே நூற்றாண்டில்தான். நிலத்துக்கு அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டு, அதே சொல்லால் அவர்களை வைதார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் ‘மெத்தென்ற நிலம்’ என்று மட்டும் படித்தால் சொல்லின் பாதி கனம் போய்விடும் என்பது என் எண்ணம்.

சரி, நிலத்துக்கு வருவோம். அகராதி ஒன்றாகக் கலந்துவிட்ட சொற்கள் இங்கேதான் பிரிகின்றன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஃபென் என்பது நிலத்தடி நீரும் ஓடிவரும் நீரும் ஊறுகிற இடம். அந்த நீர் மண்ணிலும் பாறையிலும் உள்ள தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வருவதால் நாணலும் கோரையும் செழிக்கும். பாக்கில் அப்படி இல்லை. மேலிருந்து விழும் மழைதான் அதற்கு எல்லாம். மழைநீரில் சத்து மிகக் குறைவு. நிலம் புளித்த அமிலமாக இருக்கும். அதைத் தாங்குகிற செடிகள் மட்டும் பிழைக்கும். மார்ஷில் புல்லும் நாணலும் உண்டு, ஆனால் பீட் பெரிதாகச் சேராது. மரங்கள் நிற்கும் ஈரநிலம் ஸ்வாம்ப். பேச்சுவழக்கில் ஆங்கிலேயர்களும் இவற்றை மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள். தாவரவியலிலும் சூழலியலிலும் எழுதும்போதுதான் இந்த வேறுபாடு கறாராக இருக்கும்.

பாக்கை உருவாக்குவது ஸ்பேக்னம் என்ற பாசி. பஞ்சைப்போல, தன் உலர்ந்த எடையைவிட 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன் இலையில் பெரும்பகுதி செத்த, வெற்று அறைகள்; அவை நிரம்பியே இருக்கும். மழைநீரில் உள்ள கொஞ்சநஞ்சத் தாது அயனிகளையும் அது உறிஞ்சிக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. தனக்குப் போட்டியாக வரக்கூடிய செடிகளை இப்படித் தானே தடுத்துவிடுகிறது. மேலே பாசி வளர்ந்துகொண்டே போக, அடியில் உள்ளது சாகிறது. ஆனால் நீரில் மூழ்கிய அந்த அடியில் காற்று இல்லை, அமிலம் உண்டு, குளிர் உண்டு. மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடிவதில்லை. எனவே மட்காத எச்சம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஆயிரம் ஆண்டுக்கு 1 மீட்டர். அந்தப் படிவின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் தண்ணீர்தான்.

அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள பாக்குகளின் பிறப்பு இப்படி: சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் முடிந்தபோது பள்ளங்களில் ஆழமில்லாத ஏரிகள் நின்றன. ஓரத்தில் நாணல் வளர்ந்து, செத்து, ஏரியை மெல்லத் தூர்த்தது. அது ஃபென் கட்டம். படிவு உயர உயர, மேற்பரப்பு நிலத்தடி நீரின் எட்டுதலைத் தாண்டியது. அதற்குப் பிறகு மழைதான் கதி. அங்கே ஸ்பேக்னம் வந்து குடியேறி, சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த ஒரு மேடாகக் கட்டிவிட்டது. பள்ளத்தில்தான் சதுப்பு இருக்கும் என்று பழகிய நமக்கு, மேடாக எழும்பி நிற்கும் சதுப்பு என்பது வியப்பான விஷயம். இதற்கு உயர்ந்த பாக் என்று பெயர். மேற்குக் கடற்கரையில் இன்னொரு வகை. ஆண்டுக்கு 1,250 மில்லிமீட்டருக்கு மேல், ஓயாத தூறலாக மழை பெய்யும் இடங்களில் பீட் மலைச்சரிவைக்கூட விடாமல் போர்த்திவிடுகிறது. அது போர்வை பாக். மேயோ மாவட்டத்தில் அப்படிப்பட்ட போர்வைக்கு அடியில், புதிய கற்கால உழவர்கள் கட்டிய கல்வரப்புகள் வயல்வயலாக அப்படியே கிடைத்தன. கேடே வயல்கள் என்று பெயர். 1930களில் பீட் வெட்டும்போது அடியில் கல்வரிசை தட்டுப்படுவதை முதலில் கவனித்தவர் பாட்ரிக் கால்ஃபீல்டு என்ற பள்ளி ஆசிரியர்; பின்னர் அவர் மகன் ஷேமஸ் அதை ஆய்வு செய்தார்.

இந்த நிலத்தில் விளையும் செடிகளில் ஒன்று நமக்குத் தெரிந்த இனம். மண்ணில் சத்து இல்லாததால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் ‘சன்ட்யூ’, நம் ஊர் அழுகண்ணியின் சொந்தம்.

மட்காத இடம் என்பதால் பாக் வைத்திருக்கும் பொருள்கள் தனி உலகம். வெண்ணெயை மரச்சாடியில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். வெண்கலக் காலத்து வெண்ணெய்க் கட்டிகள்கூட வெளியே வந்திருக்கின்றன. லாங்ஃபோர்டு மாவட்டத்தின் கோர்லியாவில் கருவாலிப் பலகைகள் பரப்பிய ஒரு சாலை கிடைத்தது. மரவளையங்களைக் கணக்கிட்டு, மரம் வெட்டிய ஆண்டு கி.மு. 148 என்று சொல்கிறார்கள். 2006இல் டிப்பரரி மாவட்டத்தில் ஃபாடன் மோர் என்ற இடத்தில் பீட் வாரிய இயந்திரத்தின் முன்னால் ஒரு தோல் அட்டைப் புத்தகம் வந்து விழுந்தது. சுமார் கி.பி. 800இல் எழுதப்பட்ட, பைபிளின் திருப்பாடல்கள் அடங்கிய சுவடி. அதன் அட்டையின் உட்புறத்தில் எகிப்தின் பாபிரஸ், அதாவது கோரைபோன்ற ஒரு செடியில் செய்த தாள், ஒட்டியிருந்தது. அயர்லாந்தின் ஒரு சதுப்புக்கும் நைல் கரைக்கும் அந்தக் காலத்தில் இருந்த போக்குவரத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா!

மனித உடல்களும் கிடைக்கின்றன. அமிலம் எலும்பைக் கரைத்துவிடும், ஆனால் தோலைப் பதனிட்டுக் காத்துவிடும். 1950இல் டென்மார்க்கில் டோலுண்ட் மனிதர் கிடைத்தபோது முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். அவர் இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் லிண்டோ மாஸில் 1983இல் நடந்தது இன்னும் விசித்திரம். பீட் வெட்டியபோது ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. மனைவியைக் கொன்றதாக ஏற்கெனவே சந்தேகிக்கப்பட்ட உள்ளூர்க்காரர் ஒருவர், அகப்பட்டுவிட்டோம் என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு கரிமக் காலக்கணிப்பில் அந்த மண்டையோடு ஏறக்குறைய 1,700 ஆண்டுப் பழமையானது என்று தெரிந்தது. ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான், தண்டனை கிடைத்தது.

‘குவாக்மைர்’ என்ற சொல்லும் இதே நிலத்தில் பிறந்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் வந்த கூட்டுச்சொல் அது. ‘குவாக்’ என்பது நடுங்குவதைச் சொல்லும் ‘குவேக்’கின் உறவு, ‘மைர்’ சேறு. நடுங்கும் சேறு. காரணம் உண்டு. சில இடங்களில் பாசியும் வேர்களும் பின்னிய மேற்பரப்பு, அடியில் உள்ள நீரின்மேல் மிதக்கும். அதில் ஒருவர் குதித்தால் பக்கத்தில் நிற்பவரின் காலடி ஆடும். நடுங்குவதோடு நில்லாமல் சில சமயம் பாக் வெடித்து ஓடியும் விடும். பெருமழையில் அளவுக்கு மேல் நீர் ஏறி, மேட்டின் ஓரம் பிய்ந்து, கரிய குழம்பு பள்ளத்தாக்கில் இறங்கும். 1896 டிசம்பர் 28 அன்று கெர்ரி மாவட்டத்தில் அப்படி இறங்கிய பாக், ஒரே வீட்டில் 8 பேரைக் கொண்டுபோனது. இன்று ஆங்கிலத்தில் வெளிவர முடியாத போரையோ வழக்கையோ குவாக்மைர் என்கிறார்கள். அமெரிக்கா வியட்நாமில் சிக்கியபோது பத்திரிகைகளில் இந்தச் சொல் ஓயாமல் அடிபட்டது.

எரிபொருள் இல்லாமல் பாக்கைப் பற்றிப் பேச்சே முடியாது. மரம் அருகிப்போன அயர்லாந்தில் ஏழை வீட்டு அடுப்பு எரிந்தது பீட்டால்தான். ‘ஷ்லான்’ என்ற, பக்கவாட்டில் இறக்கை வைத்த மண்வெட்டியால் கட்டிகட்டியாக வெட்டி, காற்றுப் படும்படி சாய்த்து அடுக்கி, கோடை முழுதும் காயவைப்பார்கள். அடுப்பில் வைப்பதை அங்கே யாரும் பீட் என்று சொல்ல மாட்டார்கள், ‘டர்ஃப்’ என்பார்கள். 1946இல் அரசு ‘போர்ட் நா மோனா’ என்ற நிறுவனத்தை அமைத்தது; பெயருக்குப் பொருளே பீட் வாரியம். பெரிய இயந்திரங்களால் வெட்டி மின்நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் அந்த நிறுவனமே பீட் வெட்டுவதை முழுதாக நிறுத்துவதாக அறிவித்து, பாக்குகளுக்கு மறுபடி நீர் தேக்கும் வேலையில் இறங்கியது. உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் இருப்பதைவிட அதிகக் கரிமம் அவற்றில் இருக்கிறது. நீரை வடித்தால் காற்று உள்ளே போகும், ஆயிரம் ஆண்டுகளாக நின்றிருந்த மட்குதல் தொடங்கிவிடும், கரிமம் வானுக்குப் போகும். நிலமும் அமுங்கும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தலை தரைமட்டமாக இருக்கும்படி இறக்கினார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. உயர்ந்தது தூண் அல்ல. வடிக்கப்பட்ட பீட் அவ்வளவு காணாமல் போயிருக்கிறது.

இப்போது மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். பொதுவான இடத்தில் ‘சதுப்பு நிலம்’ தாராளமாகப் போதும். ஒரு கதையில் குதிரை பாக்கில் இறங்கியது என்றால் ‘சேற்றில்’, ‘உளையில்’ என்று எழுதினாலே காட்சி வந்துவிடும். குவாக்மைருக்குப் ‘புதைசேறு’ சரியாக இருக்கும். பேச்சுவார்த்தை ‘பாக்ட் டவுன்’ ஆனது என்று செய்தி வந்தால், சேற்றை விட்டுவிட்டு ‘இழுபறியில் நிற்கிறது’ என்று எழுதுவது நல்லது. ஆனால் சுற்றுச்சூழல், தொல்லியல் சார்ந்த கட்டுரைகளில் பாக்கையும் மார்ஷையும் ஒரே சொல்லால் பெயர்க்காதீர்கள். ‘மழையூட்டுச் சதுப்பு’ என்றோ, ‘பாக்’ என்றே எழுதி ஒரு வரி விளக்கம் கொடுத்தோ போகலாம். சென்னையின் பள்ளிக்கரணையும் அயர்லாந்தின் கிளாரா பாக்கும் இரண்டும் சதுப்புதான். ஆனால் ஒன்று பெருநகரத்தின் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்கு அனுப்புகிற தாழ்வு நிலம், மற்றது மழையை மட்டும் வாங்கி மேடாக வளர்ந்த பீட்.

நமக்குப் பீட் முற்றிலும் அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். நீலகிரியின் மேல்மட்டத்தில், சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே பள்ளத்தாக்கு அடியில் பீட் படிந்த சதுப்புகள் இருக்கின்றன. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் அப்படிப்பட்ட ஈர நிலங்களில் வளர்வது. ராமன் சுகுமாரும் உடனிருந்த ஆய்வாளர்களும் அந்தப் பீட்டிலுள்ள கரிம ஐசோடோப்புகளை அளந்து, பனியுகத்தின் உச்சம் தொடங்கி தென்னிந்தியாவில் பருவமழை கூடியதையும் குறைந்ததையும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல்லின் கரிமமும் ஈரமான காலத்துச் செடிகளின் கரிமமும் வேறுபடும் என்பதுதான் அதன் அடிப்படை. சரிவிலிருந்து இறங்கும் நீரும் ஊறுவதால், கறாராகச் சொன்னால் இவை பாக்கைவிட ஃபென்னுக்கு நெருக்கம்.

கடைசியாக, குழப்பக்கூடிய இரண்டு சொற்கள். மலைக்கவைப்பதைச் சொல்லும் ‘மைண்ட் பாக்லிங்’ என்பதில் உள்ள ‘பாகிள்’ இந்த நிலத்திலிருந்து வந்ததல்ல. பேயைக் கண்டு மிரளும் குதிரையைச் சொன்ன, ‘போகிள்’ என்ற பேய்ப்பெயரோடு சேர்ந்த சொல் அது. குழந்தைகளைப் பயமுறுத்தும் ‘போகிமேன்’ என்ற பூச்சாண்டியையும் இந்தச் சதுப்போடு முடிச்சுப் போட வேண்டாம். அவனும் அந்தப் பேய் வரிசையில் வருகிறவன்தான்.